துரைமாருக்கு ஒரு கிழவன் சொல்ற யோசனை

துரைமாரே, இங்கிலாந்து, வேல்ஸ் ஜெயில் வார்டர்களுக்குச் சம்பளம் நியாயமாவும் இருக்கணும், கஜானாவுக்குக் கட்டுப்படியாவும் ஆகணும்னு லண்டன்ல மண்டையை உடைச்சுக்கிறீங்களாமே? எதுக்கு இந்தச் சிரமம்? எல்லா வித்தையும் நீங்களே செஞ்சு காட்டியாச்சு. கிழவன் அதை வரிசைப்படுத்திச் சொல்றேன், அவ்வளவுதான்.

மொத வித்தை, ஆளோட கையைக் கட்டுறது. வார்டரை வேலைநிறுத்தத்துக்குத் தூண்டக் கூடாதுன்னு 1994ல சட்டம் போட்டீங்க. வேலையை நிறுத்த முடியாதவன்கிட்ட கூலி பேசுறது எம்புட்டுச் சுகம்! ஸ்காட்லாந்துல அந்தத் தடையை எடுத்துட்டாங்க. அங்க ஜெயில் ஒண்ணும் எந்திரிச்சு ஓடிரலை. அதை யாரு கேக்கப் போறா, விடுங்க.

ரெண்டாவது, கையைக் கட்டினதுக்கு ஈடா ஒரு பஞ்சாயத்து. 2001ல சம்பள மறுஆய்வுக் குழுன்னு வச்சீங்க. ஆளைப் போடுறதும் நீங்க, எதை எதைக் கணக்குல எடுக்கணும்னு எழுதிக் குடுக்குறதும் நீங்க. அப்படியும் அந்தக் குழு 2020ல, புதுச் சம்பள முறையில இருக்கிற சாதாரண வார்டர்களுக்கு 3,000 பவுண்டு கூட்டிக் குடுங்கன்னு சொல்லிப்புடுச்சு. நீங்க அசரலையே! கட்டுப்படியாகாதுன்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டீங்க. பஞ்சாயத்துத் தீர்ப்புக்குத் தலை வணங்குறேன், வேலியை மட்டும் நகர்த்த மாட்டேன்னு எங்க பக்கத்துல ஒருத்தர் சொல்லுவாரு. உங்களுக்குப் பங்காளி முறைதான் ஆகணும்.

மூணாவது, குடுக்குறதைத் தவணையில குடுக்குறது. 2007ல குழு சொன்ன உயர்வு 2.5 சதவீதம். ஏப்ரல்ல 1.5, மிச்சத்தை நவம்பர்லன்னு பிரிச்சீங்க. வருசத்துக்குக் கூட்டிப் பாத்தா 1.9தான் தேறுச்சு. நடுவுல கொஞ்ச காலம் அந்த 1994 சட்டத்தைத் தளர்த்தி வச்சிருந்தீங்க. அந்த 2007 ஆகஸ்ட் 29ஆம் தேதி வார்டர்கள் சொல்லாமக் கொள்ளாம வெளிய வந்து நின்னுட்டாங்க. மறுவருசமே தடையைத் திரும்பக் கொண்டு வந்தீங்க. காசுதான் தவணையில வரும், சட்டம் மொத்தமா வரும்!

நாலாவது, ஒரே கொட்டடிக்கு ரெண்டு கூலி. பழைய ஆளுக்கு ஒரு சம்பளம், 2012ல வந்த புது முறையில சேர்ந்தவனுக்குக் கம்மிச் சம்பளம்னு வச்சீங்க. சாவி ஒண்ணு, ஷிப்டு ஒண்ணு, விழுற அடியும் ஒண்ணு.

அஞ்சாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. போலீஸுக்கும் தீயணைப்புக்காரருக்கும் 60 வயசுல முழுப் பென்சன். இப்பச் சேருற சின்ன வயசு வார்டர் முழுப் பென்சனுக்கு 68 வரைக்கும் நிக்கணும். நானும் கிழவன்தான் துரை. என்னை இருபது வயசுக் காளைப் பய ஒருத்தனை மடக்கிப் பிடிக்கச் சொன்னா, மொதல்ல அவன்தான் எனக்குக் கை குடுத்துத் தூக்கி விடணும்.

இம்புட்டு வித்தையும் செஞ்சு மிச்சம் பிடிச்சீங்களான்னுதான் கேக்க வந்தேன். 2010லருந்து நாலஞ்சு வருசத்துல வார்டர்கள்ல நாலுல ஒரு பங்கைக் குறைச்சீங்க. 2016ல 2,500 பேர் வேணும்னு நீங்களே தேடிக் கிளம்பினீங்க. புதுசா வந்தவனுக்குப் பயிற்சி குடுக்கக் காசு, அவன் கம்மிச் சம்பளத்துக்குக் கட்டாம ஓடிப் போனா அடுத்தவனுக்குப் பயிற்சி குடுக்கவும் காசு. கைதியோட முகத்தைப் பாத்தே இன்னைக்குச் சண்டை வரும்னு சொல்ற பழைய ஆளு போயிட்டா, அந்த அனுபவத்தை எந்தக் கஜானாவுலருந்து எடுத்துக் குடுப்பீங்க?

கடைசியா ஒண்ணு, இதுல கேலி இல்லை. வார்டரோட கையைக் கட்டித்தான் வைப்போம்னா, குழு சொல்ற சம்பளத்தைக் குறைக்காம, பிரிக்காம, அந்தந்த வருசமே குடுத்துருங்க. கட்டுப்படியாகலைன்னா கட்டை அவுத்து விடுங்க. ரெண்டையும் செய்யாம நியாயம்னு மட்டும் பேசாதீங்க.