நாலு சக்கரமும் இழுக்கட்டும்!

கேள்வி – பதில்: இந்த வாரம் பழைய ஜீப்புகள்

கே: தாத்தா வாங்கிய ஜீப் தொழுவத்தில் நிற்கிறது. ஊரே அதை ‘வில்லிஸ்’ என்கிறது. உண்மையிலேயே வில்லிஸ்தானா? – வாசகர், நாகலாபுரம்

ப: முன் கிரில்லில் எத்தனை பிளவுகள் என்று எண்ணுங்கள். ஒன்பது என்றால் இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த ராணுவ ஜீப்பின் முகம். ஏழு என்றால் போருக்குப் பின் பொதுமக்களுக்கு வந்த ‘சிஜே’ வகை. அடுத்து பானெட்டைப் பாருங்கள். திண்ணைபோல் உயர்ந்து நின்றால் அது சிஜே 3பி. அதன் ஹரிக்கேன் எஞ்சினில் இன்டேக் வால்வுகள் மேலே ஏறிவிட்டன. அவற்றை மூடவே பானெட்டும் உயர்ந்தது.

1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், 1947இலிருந்து வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டி விற்றது. நம் பக்கத்துப் பழைய ஜீப்புகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை. கிரில்லை யாரும் மாற்றியிருக்கலாம். அதனால் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கே: பல வருஷமாக ஓடாத வண்டி. புது பேட்டரி மாட்டி ஒரு அடி அடித்துப் பார்க்கலாமா? – வாசகர், எட்டயபுரம்

ப: வேண்டவே வேண்டாம். காய்ந்த சிலிண்டரில் பிஸ்டன் ரிங் ஒட்டியிருந்தால் அந்த ஒரு அடியிலேயே உடையும். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு முன்பக்க ஹேண்டிலைப் போட்டுக் கையாலேயே மெதுவாகச் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றினால் பாதி வேலை முடிந்தது.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எனவே பெட்ரோல் ஹோஸ், பம்பின் டயாஃப்ரம் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஒயர்களை எலி கடித்திருக்கிறதா என்று பார்க்காமல் பேட்டரியை இணைக்காதீர்கள்.

கே: சொன்னபடி செய்தேன், ஸ்டார்ட் ஆகிவிட்டது! ரோட்டில் இறக்கலாமா? – அதே எட்டயபுரம் வாசகர்

ப: ஓடுவது இருக்கட்டும், நிற்குமா? இந்த ஜீப்புகளில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். எங்கே ஓர் இடத்தில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போகும். மாஸ்டர் சிலிண்டர், நாலு வீல் சிலிண்டர், ஹோஸ்கள் எல்லாவற்றையும் புதுப்பித்த பிறகே கேட்டைத் திறங்கள். ஹேண்ட் பிரேக்கையும் சோதியுங்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, பின்னுக்குப் போகும் ஷாஃப்டைப் பிடிக்கிறது. அந்த டிரம்மில் ஆயில் கசிந்திருந்தால் பிடிக்காது.

கே: ஃபோர்வீலை எப்போது போட வேண்டும்? – வாசகர், விளாத்திகுளம்

ப: சிக்குவதற்கு முன்னால். சேற்றில் நாலு சுற்று சுற்றிக் குழி பறித்த பிறகு போட்டால், நாலு சக்கரமும் சேர்ந்து இன்னும் ஆழமாகப் பறிக்கும்.

தார்ச்சாலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போகின்றன. அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட இந்த வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. மண்ணில் சக்கரம் சற்று வழுக்கி ஈடுகட்டும். தாரில் அதற்கு வழியில்லாமல் பல்சக்கரங்கள் இறுகும், லிவர் நகர மறுக்கும். அப்போது லிவரை உதைக்காதீர்கள். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் தளர்ந்துவிடும்.

கே: ஐப்பசி அடைமழையில் கரிசல் காட்டுக்குள் ஜீப் போகுமா? – வாசகர், புதூர்

ப: செம்மண்ணில் சூரன் என்று பெயரெடுத்த வண்டியையும் கரிசல் கட்டிப் போட்டுவிடும். நம் மண்ணின் களி நனைந்தால் உப்பும், காய்ந்தால் பிளக்கும். ஈரத்தில் அது டயர் பட்டன்களின் இடுக்கை நிரப்பி வழவழவென்று ஆக்கிவிடும், மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்றவிடாது. மழை விட்டு மேல்மண் இறுகும்வரை பொறுங்கள். உழவுக்குப் பதம் பார்க்கிற கண்ணுக்கு இதுவும் தெரியும்.

போய்வந்ததும் அன்றைக்கே அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கரிசல், சேஸிஸைத் துருவுக்குக் கொடுத்துவிடும். ஓடைத் தண்ணீரில் இறங்கியிருந்தால் கிரவுன் ஆயிலைப் பாருங்கள். பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. மாற்றியே ஆக வேண்டும்.

கே: கோடையில் தூசிதானே பிரச்சினை? – வாசகர், பந்தல்குடி

ப: ஆமாம், அதற்கு அந்தக் காலத்திலேயே மருந்து வைத்திருக்கிறார்கள். ஏர் கிளீனரின் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும்; உள்ளே வரும் காற்று தூசியை அதில் விட்டுவிட்டுப் போகும். கிண்ணத்தைக் கழுவி, குறித்த கோடுவரை புது ஆயில் விடுங்கள். காகித ஃபில்டர் தேடி அலைய வேண்டாம்.

கே: ஜோங்கா ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? – வாசகர், சாத்தூர்

ப: ஆசைப்படத் தகுந்த வண்டி! நிஸான் பேட்ரோலின் வடிவில், ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் நம் ராணுவத்துக்காகச் செய்தது. ஆறு சிலிண்டர், 3,956 சிசி பெட்ரோல் எஞ்சின். 1999இல் உற்பத்தி நின்றது.

மூன்றைப் பாருங்கள். ராணுவ ஏலத்தில் எடுத்த கடிதத்திலிருந்து இன்றைய ஆர்.சி. வரை எல்லாத் தாளும் இருக்க வேண்டும். உள்ளே அசல் எஞ்சின் இருக்க வேண்டும். டீசல் மாற்றிய ஜோங்காக்கள் நிறைய. மூன்றாவது, உங்கள் பெட்ரோல் செலவு. அது குடிக்கும், தாராளமாகவே குடிக்கும்.

கே: அதனால்தான் கேட்கிறேன், என் பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் மாட்டினால் என்ன? – வாசகர், கயத்தாறு

ப: செலவு குறையும், வண்டியும் குறையும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிசெய்தது. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸில் பிரச்சினை வரும். அசல் எஞ்சினை ரீபோர் செய்து, கார்புரேட்டரையும் பாயின்டையும் சரிசெய்து பாருங்கள். பாதி பெட்ரோல் அங்கேதான் வீணாகிக்கொண்டிருக்கும்.

கே: ‘விண்டேஜ்’ என்று பதிவு செய்யலாமா? – வாசகர், கோவில்பட்டி

ப: 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, 50 வயது தாண்டி, சேஸிஸ், பாடி, எஞ்சின் மாறாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அந்தத் தகுதி உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் இறக்கலாம். தினமும் காட்டுக்குப் போகிற ஜீப்பா? சாதாரணப் பதிவிலேயே வைத்து, ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டிப் புதுப்பியுங்கள். உழைக்கிற வண்டிக்கு அதுதான் மரியாதை.

கே: ஸ்பேர்ஸ் எங்கே கிடைக்கும்? – வாசகர், அருப்புக்கோட்டை

ப: சென்னை புதுப்பேட்டை, டெல்லி மாயாபுரி, ஹரியானாவின் மண்டி டப்வாலி. போகுமுன் உங்கள் ஊர் பேரிங் கடைக்குப் போங்கள். பழைய பேரிங், ஆயில் சீலின் எண்ணைக் காட்டினால் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும். புஷ், பின் போன்றவற்றை நல்ல லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். கழற்றிய பழைய சாமானை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். அடுத்ததைச் செய்ய அதுவே அளவு.

முக்கியமான ஸ்பேர் ஒன்று எந்தச் சந்தையிலும் கிடைக்காது: சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்கிற பழைய மெக்கானிக். அவர் வேலை செய்யும்போது ஓர் இளம் பையனைக் கூட நிறுத்துங்கள். இந்த வண்டிகள் இன்னும் ஐம்பது வருஷம் ஓடுவது அந்தப் பையன் கையில் இருக்கிறது.

கே: அப்பாவின் ஜீப்பை விற்றுவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசில்லை, ஓட்டவும் தெரியாது. என்ன செய்ய? – வாசகி, தூத்துக்குடி

ப: ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள் அம்மா. பழைய வண்டி ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை மண்பாதையில் இறக்கி ஃபோர்வீல் போட்டு எடுங்கள். ஒரு வருஷம் செய்துபார்த்து, முடியவில்லை என்றால் தாராளமாக விற்கலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம். விலை அதிகம் சொல்பவரைவிட, வாங்கி ஓட்டப்போகிறவருக்குக் கொடுங்கள். ஆர்.சி. பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்து முடித்த பிறகு சாவியைக் கொடுங்கள்.