படுத்திருப்பதற்கு 1,575

பழைய மாமல்லபுரம் சாலையில் பிரியாணிக் கடைக்கு அடுத்தபடியாக அதிகம் முளைப்பது ஜிம்தான். கேளம்பாக்கத்தில் புதிதாக முளைத்த ஒன்றில் மகன் என்னைச் சேர்த்துவிட்டான். அங்கிருந்த பயிற்சியாளத் தம்பி என் எடை 78 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், வயது 52 என்று கைப்பேசியில் தட்டிவிட்டு, "சார், நீங்க ஒண்ணுமே செய்யாம படுத்திருந்தாலும் ஒரு நாளைக்கு 1,575 கலோரி எரியும்" என்றார். இவ்வளவு நல்ல சேதியைச் சொன்னவர் அடுத்த நிமிஷமே டிரெட்மில்லில் ஏறச் சொன்னது எனக்கு விளங்கவில்லை.

கணக்கு எளிதுதான். எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25ஆலும் பெருக்கிக் கூட்ட வேண்டும். வயதை ஐந்தால் பெருக்கிக் கழிக்க வேண்டும். ஆண் என்றால் 5 கூடும், பெண் என்றால் 161 குறையும். 1990இல் அமெரிக்காவில் வெளியான மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இது. எரிவதில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறதாம். என் விஷயத்தில் வீட்டில் யாரும் இதை நம்பவில்லை.

வேறு சூத்திரங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தார் 1985இல் வெளியிட்டதில் எனக்கு 1,784 வந்தது. சந்தோஷமாக இருந்தது. ஆனால் இந்தியர்களுக்கு அது அதிகம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். சுமார் 5 சதவீதம் குறைத்துவிட்டது: 1,683. சும்மா கிடக்கிற மனிதனிடமிருந்து ஒன்றரை இட்லியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்தப் பிடித்தம் நம்மூரில் பழைய கதை. சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினார் மேசன், கலோரிச் செலவை அளக்கும் துறையின் பெரும்புள்ளியான அமெரிக்கர் பெனடிக்டுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் ஓய்வில் எரிப்பது அமெரிக்க அளவைவிடக் குறைவு என்று 1931இலேயே எழுதினார். அதோடு விடாமல், தூங்கும்போது அது இன்னும் எவ்வளவு இறங்குகிறது என்றும் அளந்து 1934இல் வெளியிட்டார்கள். கொழுப்பைவிடத் தசை அதிகம் எரிக்கும், நமக்கு அது குறைச்சல் என்பது பின்னால் வந்த விளக்கம். எனக்கு எங்கே குறைச்சல் என்று சட்டையைப் போட்டுக்கொண்டே சொல்லிவிடலாம்.

சூத்திரமெல்லாம் உத்தேசம்தானே, நேரிலேயே அளந்தால் என்ன என்று பார்த்தால், அதற்கு விதிமுறை இருக்கிறது. 12 மணி நேரம் பட்டினி கிடந்து, காலையில் தூங்காமலும் அசையாமலும் படுத்து, மூச்சில் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கிடுவார்கள். அறையில் புழுக்கம் இருக்கக் கூடாது. மனதில் பதற்றமே ஆகாது. மே மாதத்துக் கேளம்பாக்கத்தில்! விடிவதற்குள் சிறுசேரிக்கு ஆளேற்றும் வண்டிகளின் ஹாரன், கோவளம் பிரிவில் ஷேர் ஆட்டோக்காரர் கூப்பாடு, போன கரண்டு, வராத தண்ணீர் லாரி. விதிப்படி பார்த்தால் இந்த ஊரில் குடியேறியதிலிருந்து நான் ஓய்வே எடுத்ததில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். அவள் அந்த 161இலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, அதே எடை, அதே உயரம், அதே வயசுன்னா எனக்கு மட்டும் 166 கம்மியா?"

"ஆமா. ஆம்பளைங்களுக்கு அஞ்சு கூட்டணும் இல்லையா?"

"நான் எப்போ சும்மா படுத்தேனாம், அவங்க அளந்து பாக்க?"

விஞ்ஞானத்தின் சார்பில் நான் பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே லாரிச் சத்தம் கேட்டது.

"போய் சம்ப் மூடியத் திறந்து விடுங்க. அது அந்த 1,575ல சேராது."