கொம்பும் காலும்

மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு ராத்திரி போதுமாக இருந்தது. மொழிப்பாடத்துக்கு எதை வாங்குவது என்பதில்தான் ஐந்து மாதம் ஓடிவிட்டது.

என் மனைவி சார்லட் மேசன் கட்சி. 1923-இல் காலமான அந்த இங்கிலாந்துக் கல்வியாளர் அம்மையார் எங்கள் சாப்பாட்டு மேசையில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். நல்ல புத்தகத்திலிருந்து நாலு வரி பார்த்தெழுத வேண்டும். படித்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வளர்ந்ததும், ஒருவர் வாசிக்கக் கேட்டு எழுத வேண்டும். இதை வாரவாரியாகப் பிரித்து, ஓரத்தில் குருவிப் படம் போட்ட பிடிஎஃப்பாக டாலரில் விற்கிறார்கள். அச்செடுக்கும் செலவு தனி.

"நாலு கோடு நோட்டும் சொல்வதெழுதுதலும்தானே? இதுக்கா மாப்ளே காசு குடுத்தீங்க?" என்றார் மாமியார். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். இதில் தத்துவம் இருக்கிறது என்று விளக்கினோம். அவர் முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

தமிழுக்கு என்ன பாடத்திட்டம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. 247 எழுத்தும் தானாக வந்துவிடும் என்ற நினைப்பு. நேற்று பார்த்தால், முறத்தில் அரிசியைப் பரப்பி, பேத்தியின் விரலைப் பிடித்து 'கொ' எழுதிக்கொண்டிருந்தார் மாமியார். முதலில் ஒற்றைக்கொம்பு, அப்புறம் க, பின்னால் கால்.

"சொல்றப்ப 'க்'தானே முதல்ல வருது, கொம்பு ஏன் பாட்டி முன்னாடி நிக்குது?"

பிடிஎஃப்பில் தேடிப் பார்த்தேன், இல்லை. ராத்திரி அந்த அரிசியும் உலைக்குப் போய்விட்டது.