பாறைக்கு ஸ்கேன்

பாறைக்கும் எம்.ஆர்.ஐ. போல ஏதோ எடுக்கிறார்களாமே! பாறைக்கு என்ன வியாதி?

வியாதி இல்லை, வயிற்றில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத்தான்! ஆஸ்பத்திரியில் காந்தம் தேடுவதும் ஹைட்ரஜன். டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு ஷேல் பாறையில் தேடுவதும் அதே ஹைட்ரஜன். வேடிக்கை என்னவென்றால், நமக்கு 1.5 டெஸ்லா காந்தம். பாறைத் துண்டுக்குப் பெரும்பாலும் 0.05 டெஸ்லாவே போதும். பாறையிலுள்ள இரும்புச்சத்துக் கனிமங்கள் வலுவான காந்தப்புலத்தில் அளவீட்டைக் குழப்பிவிடும்.

தண்ணீரிலும் ஹைட்ரஜன், எண்ணெயிலும் ஹைட்ரஜன். எப்படிப் பிரிப்பார்கள்?

யார் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறார் என்று பார்த்துத்தான்! ரேடியோ அலையால் தட்டி எழுப்பினால் அணுக்கருக்கள் இரண்டு விதமாக அடங்கும். டி1, டி2 என்று இரண்டு நேரங்கள். நுண்துளைத் தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட நெருங்கியிருக்கும். பிசுபிசுத்த எண்ணெய் வகையான பிட்டுமெனில் டி1, டி2-ஐ விடப் பல மடங்கு நீளும்.

அப்படியானால் எதுவும் தப்பாதா?

கெரோஜன் தப்பும். இன்னும் எண்ணெயாகப் பழுக்காத அந்தத் திடப்பொருளின் சமிக்ஞை மைக்ரோ விநாடிகளில் தீர்ந்துவிடும். எண்ணெய்க் கிணற்றில் இறக்கிய அளவீட்டுக் கருவி காது கொடுப்பதற்குள் அது பேசி முடித்திருக்கும். அதைக் கேட்க, பாறையை ஆய்வகத்துக்கே கொண்டுவர வேண்டும்.