நெஞ்சுப் படத்தில் நெறி

மலேசியாவின் மெர்சிங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எக்ஸ்ரே என்றால் இருட்டறைதான். "தாரிக் நபாஸ், தாஹான்" என்று மலாய் மொழியில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்து, சிவப்பு விளக்கில் மருந்துத் தொட்டியில் முக்கி, அலசி, காயப் போடுவோம். அவசரமென்றால் காய்வதற்குள்ளேயே, ஈரம் சொட்டச் சொட்ட டாக்டர் அதை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பார். சந்தேகமான படம் உறையில் ஏறி ஜொகூர் பாருவுக்குப் போகும். பதில் வருவதற்குள் மீனவர் கடலுக்குப் போய்விடுவார். தோட்டத்து அம்மா பிள்ளையோடு காத்திருப்பார்.

அந்தக் காத்திருப்பில் எங்கள் கண் தேறியது. நுரையீரல் வேர், அதாவது குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் இடம், இடப்பக்கம் வலதைவிடச் சற்று மேலே நிற்கும். வேரின் வெளிவிளிம்பு உள்வாங்கியிருக்கும். அந்தக் குழிவு நிரம்பி முண்டும் முடிச்சுமாகத் தெரிந்தால் நெறி (நிணநீர்க்கணு) கட்டியிருக்கலாம். ரத்தக்குழாய் பெருத்தாலும் அப்படித் தோன்றும். கிளைக்குழாய்கள் வீக்கத்தின் விளிம்பில் வந்து சேர்ந்தால் அது குழாய். விளிம்பைத் தாண்டி உள்ளே போனால் நெறியைச் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, எந்தப் பக்கம் என்று பார்ப்போம். குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் பெருத்தால் முதலில் காசநோயை நினைக்க வேண்டும். பெரியவருக்கு இரு வேரும் சமமாகப் பெருத்து, மூச்சுக்குழாயின் வலப்புறமும் தடித்தால் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோய் நினைவுக்கு வரும். நெஞ்செலும்புக்குப் பின்னால் கோணல்மாணலாகப் பெருத்தால் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயை நினைப்போம். நெறியைச் சுற்றி முட்டையோடு போலச் சுண்ணாம்பு படிந்திருந்தால், கல்லுடைக்கும் வேலையா என்று கேட்போம். படம் காட்டுவது வழியைத்தான். முடிவைப் பரிசோதனைதான் சொல்லும்.

இன்று படம் நொடியில் திரைக்கு வருகிறது, அடுத்த ஊர் நிபுணரும் உடனே பார்க்கிறார். இதில் எனக்கு மனசார மகிழ்ச்சி. காசநோயைத் தேடும் நெஞ்சுப் படங்களைக் கணினியே படிக்கலாம் என்று 2021இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனால் 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். பிள்ளையின் படத்தை இன்னும் நம் கண்தான் படிக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்குச் சளி துப்பத் தெரியாது, கிருமியும் குறைவு. பல நேரம் அந்த நெறி ஒன்றுதான் தடயம்.

2022இல் அதே நிறுவனம், தீவிரமில்லாத காசநோய் உள்ள பிள்ளைகளுக்கு 6 மாத மருந்தை 4 மாதமாகக் குறைக்கலாம் என்றது. மூச்சுக்குழாயை அடைக்காத நெறி அந்த வகையில் சேரும். அடைத்திருக்கிறதா என்று படத்தில்தான் தேட வேண்டும். அதனால் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பது இதுதான்: பிள்ளையின் படத்தில் இரு வேரையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் வந்தால் பக்கவாட்டுப் படம் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், வீட்டில் யாருக்கு இருமல் என்று அந்த அம்மாவிடம் விசாரியுங்கள்.