தடுத்தாட்கொண்டவர்

ஊருக்கு ஒரு டிஃபென்ஸ் அண்ணன் இருக்கிறார். பெரம்பலூரில் அவரைப் புதிய பேருந்து நிலையம் பக்கம் ஏதாவது ஒரு டீக்கடையில் பார்க்கலாம். அரியலூரில் ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் பார்க்கலாம். வயது ஐம்பதுக்கு மேல், அறுபதுக்குள். உலகமே கோல் போட்டவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, கோல் விழாமல் பார்த்துக்கொண்டவனைப் பற்றி மட்டுமே பேசுவது அவருடைய விரதம். மெஸ்ஸி என்று யாராவது வாயெடுத்தால், "அவருக்கென்னப்பா, காலி இடம் பாத்து ஓடினாரு. இடத்தை அடைச்சவன் பேரு தெரியுமா உனக்கு?" என்பார். தெரியாது. அதற்குப் பிறகு டீ ஆறும் வரை நாம் கேட்கத்தான் வேண்டும்.

கோல் போட்டவனுக்குக் கணக்கு இருக்கிறது. எத்தனையாவது நிமிடம், எந்தக் கால், யார் கொடுத்த பாஸ் என்று எல்லாம் எழுதியிருக்கும். விழாத கோலுக்கு ஏடு கிடையாது. அண்ணனுக்கு வேண்டியது அந்த இல்லாத ஏடுதான். அதில் அவர் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம், பொய் என்று எவனாலும் நிரூபிக்க முடியாது. "டிஃபெண்டர் ஜர்னைல் சிங் மட்டும் இல்லேன்னா அன்னிக்கு ஏழு வாங்கியிருப்போம்" என்பார். ஏன் ஏழு, எட்டு ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். "எட்டாவதை நம்ம கோலி தங்கராஜ் பிடிச்சிருப்பாரு" என்று பதில் தயாராக இருக்கும்.

வீட்டிலும் இதே வரவு செலவுதான். மைத்துனர் சீட்டுக் கம்பெனியில் பணம் போடாமல் இருந்தது, மகள் நிச்சயதார்த்தத்தில் சம்பந்திகள் முட்டிக்கொள்ளாமல் இருந்தது, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் இன்றுவரை வெடிக்காமல் இருப்பது எல்லாம் அவர் குறுக்கே போய் நின்றதால்தான். அண்ணியிடம் வேறு கணக்கு இருக்கிறது. "இவரு குறுக்க நிக்காம இருந்திருந்தா மாடி எழும்பிப் பத்து வருஷம் ஆகியிருக்கும்" என்று அவர் சொல்வார். அண்ணன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அவர் வாழ்நாள் வழக்கு ஒன்றுதான்: இந்தியக் கால்பந்து அணியின் சரித்திரத்தில் தலைசிறந்த டிஃபெண்டர் யார்? எதிர்த்தரப்பு அரியலூரில் இருக்கிறது. பெரம்பலூர்க்காரர் சின்ன வெங்காயக் கமிஷன் பார்ப்பவர், அரியலூர்க்காரர் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவரை ஒருவர் 'மச்சான்' என்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே முப்பது கிலோமீட்டர் சாலையும் ஒரு மாவட்டச் சிக்கலும் உண்டு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-இல் அரியலூர் தனியானது, அடுத்த வருடமே பழையபடி சேர்க்கப்பட்டது, 2007-இல் மறுபடி பிரிந்தது. அரசாங்கமே முடிவுக்கு வர இத்தனை வருடம் எடுத்துக்கொண்ட இடத்தில் இவர்கள் வழக்கு சீக்கிரம் முடிந்துவிடும் என்று யார் எதிர்பார்க்க முடியும்?

பெரம்பலூர்க்காரரின் கட்சி ஜர்னைல் சிங். 1962, ஜகார்த்தா ஆசியப் போட்டி. தலையில் தையலோடு ஆடி, தென் கொரியாவை 2-1 என்று வென்று தங்கம் வாங்கிய அணியின் மதில். அரியலூர்க்காரரின் கட்சி சைலேன் மன்னா. 1951, டெல்லி, முதல் ஆசியப் போட்டி. வெறுங்காலோடு ஆடிய கேப்டன். இந்த இரண்டு போட்டி நடந்தபோதும் நம்மவர்கள் இருவரும் பிறக்கவில்லை. அவற்றின் படச்சுருளை இருவரும் கண்ணால் கண்டதும் இல்லை. ஆனால் மன்னா பந்தை எந்தப் பக்கம் திருப்பி வாங்குவார் என்பதை அரியலூர்க்காரர் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி நடித்தே காட்டுவார். ஒரு தடவை அதில் வடைத் தட்டு விழுந்தது. "ஃபவுல்" என்றார் கடைக்காரர்.

கோஷ்டா பால் என்று ஒருவர் இவர்களுக்கெல்லாம் முந்தியவர். மோகன் பகானின் சீனப் பெருஞ்சுவர் என்று பெயர் வாங்கி, 1962-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அவரை இரண்டு பேரும் ஏகமனதாகக் குலதெய்வக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். குலதெய்வத்தைப் போட்டியில் நிறுத்துவதில்லை, கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். அருண் கோஷ், 1970 பாங்காக் வெண்கல அணியின் சுதீர் கர்மாகர் ஆகியோருக்கு ஆளுக்கு ஒரு வாய் டீ நேரம் கிடைக்கும். பாவம், அவ்வளவுதான்.

விஷயம் சூடு பிடிப்பது எண்ணிக்கைக்கு வரும்போது.

"மச்சான், 1951-ல இந்தோனேசியாவ மூணுக்கு சைபர். ஆப்கானிஸ்தான மூணுக்கு சைபர். ஃபைனல்ல ஈரான ஒண்ணுக்கு சைபர். மொத்தம் எத்தனை வாங்கினோம்? சைபர். 1962-ல உங்க ஆளு எத்தனை வாங்கினாரு, எண்ணிச் சொல்லு."

பெரம்பலூர்க்காரர் எண்ண மாட்டார். அரியலூர்க்காரரே விரல் மடக்குவார். முதல் ஆட்டத்தில் அதே தென் கொரியாவிடம் இரண்டு. தாய்லாந்திடம் ஒன்று. ஜப்பானிடம் இல்லை. அரையிறுதியில் தென் வியட்நாமிடம் இரண்டு. இறுதியில் ஒன்று. "ஆறு மச்சான், ஆறு. சைபர் பெருசா, ஆறு பெருசா?"

இந்த இடத்தில் பெரம்பலூர்க்காரர் டீயை ஒரு வாய் உறிஞ்சி, டம்ளரைக் கீழே வைத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"ஹெல்சிங்கி."

கடை ஒரு கணம் அமைதியாகும். 1952 ஒலிம்பிக்கில் இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. கேப்டன் சைலேன் மன்னா. பத்து என்பதைப் பெரம்பலூர்க்காரர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவாரே தவிர, வாயால் சொல்ல மாட்டார். அது ஒரு மரியாதை.

அரியலூர்க்காரரிடம் இதற்கு மூன்று பதில்கள் உண்டு, வருடக்கணக்காக அதே மூன்று. ஒன்று, நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். இரண்டு, அந்த ஊர்க் குளிர். மூன்று, எதிரே நின்றது யூகோஸ்லாவியா, அந்த ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கின டீம். "பூட்ஸ் போட்டுக்கிட்டு, வெயில்ல, பக்கத்து ஊர் பசங்ககிட்ட பத்து வாங்கினா கேளு, நான் மன்னா பேர எடுக்கவே மாட்டேன்" என்பார். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமானது என்பதையும், மன்னா பத்து வாங்கியது நாட்டுக்கே நல்லதாக முடிந்தது என்ற தோரணையில் சேர்த்துக்கொள்வார்.

பதில் சொல்ல முடியாதபோது பெரம்பலூர்க்காரர் ஊருக்குத் தாவுவார். "எங்க மாவட்டத்துல ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கு. அகழி, மதில், எல்லாம் டிஃபென்ஸு. உங்க மாவட்டத்துல என்ன இருக்கு? கங்கைகொண்ட சோழபுரம். இங்கேருந்து கங்கை வரைக்கும் ஃபார்வர்டு ஆடின ராஜா கட்டின ஊரு. உங்களுக்கு டிஃபென்ஸ் எப்படி மச்சான் விளங்கும்?" இது அடி. ஏனென்றால் இந்திய ஹாக்கி அணிக்கு ஆடிய அரியலூர்ப் பையன் கார்த்தி செல்வமும் முன்வரிசை ஆட்டக்காரர்தான். ஊரே கொண்டாடும் அந்தப் பையனைப் பற்றி அரியலூர் அண்ணன் மட்டும், "நல்ல பையன், நல்லா ஆடுறான்... அந்த இடத்துல போய் மாட்டிக்கிட்டான்" என்று பெருமூச்சு விடுவார்.

டீ மாஸ்டர் நடுவில் ஒரு தமிழனை நுழைப்பார். "ரெண்டு பேரும் வடக்கத்தி ஆளுங்களையே பேசுறீங்களே. அந்த '62 ஃபைனல்ல கோல்ல நின்னது யாரு? பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுல இருந்தவரு." கோலி டிஃபெண்டர் கணக்கில் வருவாரா என்பது தனி வழக்கு. கையால் பிடிப்பவரைச் சேர்த்தால் நாளைக்கு நடுவரையும் சேர்க்க வேண்டி வரும் என்பது இருவரும் ஒத்துப்போகிற ஒரே தீர்ப்பு. நாமக்கல்லிலிருந்து வந்த டிஃபெண்டர் மோகன்ராஜ், 2014-இல் முதல் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்ற கொல்கத்தா அணியில் இருந்தாரே என்றும் மாஸ்டர் கேட்டுப் பார்ப்பார். "அவரு இன்னும் சரித்திரம் ஆகல" என்பார்கள். ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் உயிரோடு இருக்கும் வரை ஒருவரைச் சரித்திரத்தில் சேர்ப்பது ஆபத்து. யாராவது எழுந்து, "நான் பாத்தேன், அப்படி இல்ல" என்று சொல்லிவிட்டால்?

கபடியைப் பற்றி இவர்கள் ஏன் வாதாடுவதில்லை என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். இந்தச் சீமையில் கார்னர் எது, கவர் எது என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதிலும் கார்னரில் நின்று ஆள் பிடித்தவர், 2016 உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியில் இருந்தவர். பின்வரிசைப் பெருமை பேச இவரைவிட யார் வேண்டும்? ஆனால் கபடியில் பிடித்தால் ஒரு புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ களத்தில் நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. தடுத்ததெல்லாம் பலகையில் ஏறிவிடுகிறது. பலகையில் ஏறியதற்கு டிஃபென்ஸ் அண்ணன் எதற்கு? அதனால் கபடிப் பேச்சு வந்தால் இரண்டு பேரும் டீக்குக் காசு கொடுக்க எழுந்துவிடுவார்கள். அந்தக் காசை யார் கொடுப்பது என்பதில் இருவரும் காட்டும் தடுப்பாட்டம் ஜர்னைலுக்கும் வராது, மன்னாவுக்கும் வராது.

ஒருநாள் கல்லூரிப் பையன் ஒருவன் கைபேசியோடு உள்ளே புகுந்தான். "சென்னையின் டீம்ல மைல்சன் ஆல்வெஸ்னு ஒருத்தரு இருந்தாரு அண்ணே. பிரேசில்காரரு. 2018 ஐ.எஸ்.எல். ஃபைனல், பெங்களூர்ல, பெங்களூருக்கு எதிரா. டிஃபெண்டரு, ஆனா தலையால முட்டி ரெண்டு கோல். 3-2-னு நாம ஜெயிச்சோம். இந்தாங்க, பாருங்க." திரையை நீட்டினான்.

பெரம்பலூர் அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. "டிஃபெண்டருக்கு அங்க என்னப்பா வேலை? அவரு அங்க போயிருக்கும்போது இங்க வீட்டை யார் பாத்துக்கிட்டது? வீட்டைப் பூட்டாம கல்யாணத்துக்குப் போயி மொய் எழுதினவனை எல்லாம் நல்ல குடும்பஸ்தன்னு சொல்ல முடியுமா?" என்றார்.

அரியலூர் அண்ணன் அன்று பெரம்பலூர் வந்திருந்தார். இத்தனை வருடம் காத்திருந்த வாய்ப்பு கையில் வந்து விழுந்த முகத்தோடு மெதுவாகக் கேட்டார். "மச்சான், 1962 ஃபைனல்ல நமக்கு கோல் போட்டது யாரு யாரு?"

பி.கே. பானர்ஜி ஒன்று. இன்னொன்று ஜர்னைல் சிங். அந்தத் தையல் போட்ட தலையோடு இருந்தவரைப் பயிற்சியாளர் ரஹீம் பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தியிருந்தார். ஆகவே, பெரம்பலூர் அண்ணன் உயிரைக் கொடுத்து வாதாடும் அந்த மதில், தங்கம் வாங்கிய நாளில் மதிலாகவே இல்லை. எதிரி வீட்டு வாசலில் நின்றிருக்கிறது.

பையன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அண்ணன் அசையவில்லை.

"ஜர்னைல் அங்க கோல் போடப் போகல மச்சான். கொரியாக்காரன் முன்னாடி வராம இருக்க, அவன் வீட்லயே போயி அவனைத் தடுத்தாரு. பந்து உள்ள போனது அவன் தப்பு."

எனக்கு இதில் அண்ணன் மீது பெரிய மரியாதை வந்துவிட்டது. ஆட்டத்தில் என்ன நடந்ததோ, டீக்கடையில் இதைவிடச் சிறந்த கோல்லைன் கிளியரன்ஸ் நடந்திருக்காது.

இப்படிப் பேசுபவரை ஊர் சும்மா விடுமா? பொங்கலை ஒட்டி வறண்ட ஏரியில் நடந்த செவன்ஸ் ஆட்டத்துக்கு, டிஃபென்ஸ் சொல்லிக்கொடுங்கள் என்று பையன்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். அண்ணன் ஏழு பேரில் கோலி போக ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினார். மிச்சம் ஒருவன் முன்னால் தனியாக நின்று, மத்தியான வெயிலில் பந்தை எதிர்பார்த்து எதிர்பார்த்துக் கடைசியில் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். முடிவு 5-0.

"பதினொண்ணு வாங்கியிருக்க வேண்டியது தம்பி. ஆறைத் தடுத்திருக்கோம். அதைச் சொல்றதுக்கு ஒரு வாய் இல்ல பாரு இந்த ஊர்ல" என்று அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோதே அரியலூரிலிருந்து கைபேசி ஒலித்தது. அந்த வயதில் காது கேட்பதற்காக எல்லோரும் வைத்திருப்பதுபோல ஒலிபெருக்கியில்தான் வைத்திருந்தார்.

"மச்சான், அஞ்சாமே?"

"பதினொண்ணு ஆகியிருக்கும்."

"சரி, பசங்க பூட்ஸ் போட்டிருந்தாங்களா?"

"...போட்டிருந்தாங்க."

"குளிரோ?"

"மத்தியானம் ரெண்டு மணிக்கு என்ன மச்சான் குளிரு?"

"எதிர்ல யாரு, யூகோஸ்லாவியாவா?"

அண்ணன் பக்கத்து ஊர்ப் பையன்கள் கோப்பையோடு டிராக்டரில் ஏறுவதைப் பார்த்தார். பிறகு கைபேசியை வாயிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, "ஹலோ... ஹலோ... ஒண்ணும் கேக்கல மச்சான், ஏரிக்குள்ள இருக்கேன், டவர் இல்ல" என்று கத்திவிட்டு வைத்தார்.

சுற்றி நின்ற ஆறு பேருக்கும் தெளிவாகக் கேட்டது. வரப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கும்கூட.