வெட்டுப்புள்ளி வரும்வரை

கேள்வி: உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி இன்னும் வரவில்லை. கண்டி மாவட்ட மாணவர்கள் இம்மாதங்களில் என்ன செய்ய வேண்டும்?
- வாசகர், கம்பளை

பதில்: முதலில், அயல் மாவட்டமான நுவரெலியாவின் சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளிப் பட்டியலைப் பார்த்து மனக்கணக்குப் போடுவதை நிறுத்த வேண்டும். வெட்டுப்புள்ளி என்பது ஒரு மாவட்டத்திலிருந்து ஒரு கற்கைநெறிக்குத் தெரிவான கடைசி மாணவரின் இசட் புள்ளி. இசட் புள்ளியோ, ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளி அப்பாடத்தின் சராசரியிலிருந்து விலகிநிற்கும் அளவை நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி கண்டு பெறப்படுவது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அப்பதினாறில் நுவரெலியா உண்டு, கண்டி இல்லை. ஆகவே ஒரே புள்ளி பெற்ற அயல் மாவட்டத்தார் இருவரில் ஒருவருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் திறந்து, மற்றவருக்கு மூடியிருக்கக்கூடும்.

விண்ணப்பத்தில் கற்கைநெறிகளைக் கிடைக்கும் எனக் கணித்த வரிசையில் அல்லாது, உண்மையில் விரும்பும் வரிசையில் எழுதுவதே அறிவுடைமை. தெரிவு அவ்வரிசையையே பின்பற்றுகிறது. மாற்று வழிகளாகப் பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையமும், ஆசிரியராக விரும்புவோருக்குப் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் உள்ளன. அவற்றின் விண்ணப்ப முடிவுத் திகதிகள் வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை. மீண்டும் பரீட்சை எழுத எண்ணுபவர் இன்றே புத்தகத்தைத் திறக்க வேண்டும். அறிவிப்பு தாமதிக்கலாம், படிப்பு தாமதிக்கத் தேவையில்லை.